பட்டு சட்டை உரிக்கிறாள்

ஜூன் 2

அக்காவுக்கு,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். தன் பாரத்தை அடுத்தவள் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

உன் பின்னறையில் எறும்பு. ஒன்றிரண்டு என்று நினைத்துவிடாதே, படையே திரண்டிருக்கிறது. ஜன்னல் சட்டத்துக்குக் கீழே இருக்கும் விரிசலில் புறப்பட்டு, சுவரோரமாக நடந்து, உன் இரும்பு ரேக்குக்கு அடியில் மாநாடு போட்டுக்கொண்டிருக்கின்றன. சின்னச் சிவப்பு எறும்பு, கடித்தால் கண்ணில் தண்ணீர் வரவழைக்கிற ரகம். அங்கிருந்து என் கேக் அறைக்கு நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் மாவு, சர்க்கரை, கிரீம், ஆறப்போட்ட கேக்குகள். நான் கேக் செய்து விற்றுச் சாப்பிடுகிறவள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு எறும்பு ஒரே ஒரு கேக்கில் ஒட்டிக்கொண்டு போனால் போதும், அடுத்த நாள் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எறும்பு ஏன் வந்தது என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். உன் டாரண்டுலா சிலந்திக்குத் தீனி என்று ஒரு டப்பா நிறைய மாவுப்புழு வளர்த்து வைத்துவிட்டுப் போனாயே, அதுதான் காரணம். மாவில் புழு வந்தால் பேக்கரிக்காரர்கள் மூட்டையோடு தூக்கி எறிவார்கள். என் வீட்டில் புழுவுக்கு மாவு போட்டு வளர்க்கிறேன். வெளியே தெரிந்தால் காறித் துப்புவார்கள்.

உள்ளங்கை அகலத்தில், மயிர் முளைத்த ஒரு சிலந்திக்குப் ‘பட்டு’ என்று பெயர். பட்டு! அந்த மகாராணி இப்போது சாப்பிடுவதும் இல்லை. நான் போட்ட புழு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. முதுகுப் பக்கம் வயிற்றில் வழுக்கையாக ஒரு இடம் உண்டே, அது கறுத்துப் பளபளவென்று ஆகியிருக்கிறது. நோயோ என்னவோ. செத்துப்போனால் பழியை என்மேல் போடாதே, அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். போன தடவை போனில் நாம் பேசிய அழகு தெரிந்ததுதானே. நீ பாதியில் வைத்தாய், நான் உன் எண்ணைத் தடுத்து வைத்தேன். அதை எடுத்துவிட இன்னும் எனக்கு மனம் வரவில்லை. தவிர, கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உன் கம்பெனி டிப்போவில் கொடுத்தால் நீங்கள் குழாய் பதிக்கிற முகாமுக்கு வாராவாரம் சாமான் ஏற்றிப்போகும் லாரியில் போய்ச் சேருமாம்.

பூச்சி மருந்துக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அறை முழுக்க அடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். உனக்குத் தகவலுக்காக.

சின்னவள்


ஜூன் 9

சின்னவளுக்கு,

மருந்துக்காரரை வீட்டுக்குள் விடாதே. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவரிடம் சொல்லிவிட்டு வா. மீதியைப் பிறகு படி.

சொல்லியாயிற்றா? இப்போது கேள்.

எறும்பைக் கொல்லும் எந்த மருந்தும் பட்டுவையும் கொல்லும். புகையாக அடித்தாலும் சரி, பொடியாகத் தூவினாலும் சரி, சாக்பீஸால் கோடு போட்டாலும் சரி. சுவரில் அடித்தது மாதக்கணக்கில் சுவரிலேயே இருக்கும். மருந்தைத் தொட்ட கையால் அவள் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட்டாலே போதும், காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துச் சாவாள். நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அதைச் செய்தால், நமக்குள் உறவு என்று ஒன்று மிச்சமிருந்தால், அதுவும் அத்தோடு சரி.

அடுத்தது. அது நோய் இல்லை. சாப்பாட்டை நிறுத்துவதும் வயிறு கறுப்பதும் சட்டை உரிக்கப் போகிறாள் என்பதற்கு அடையாளம். பாம்பு உரிக்கிற மாதிரிதான். ஒருநாள் மல்லாந்து படுப்பாள். செத்துவிட்டாள் என்று தூக்கிப் போட்டுவிடாதே. பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு வெளியே வருவாள். அதற்குப் பிறகு சில நாட்கள் உடம்பு வெந்த முட்டை மாதிரி இருக்கும். பல் கூட வெள்ளையாக, மெத்தென்று இருக்கும், எதையும் கடிக்க முடியாது. கை நுனியால் அழுத்தினால் போய்விடுவாள். அந்த நேரத்தில் எறும்பு ஏறினால் உயிரோடு தின்னும். ஓடவும் முடியாமல், உதறவும் முடியாமல் படுத்துக்கிடப்பாள். புரிகிறதா? வருஷம் முழுக்க அவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு சமயம்தான் ஆபத்து. இந்தச் சமயம் பார்த்துத்தான் உனக்கு எறும்பு வந்திருக்கிறது.

‘போட்ட புழு போட்ட இடத்திலேயே கிடக்கிறது’ என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறாய். கிடந்தால் எடுக்க வேண்டாமா? செத்த புழுவுக்கு எறும்பு வராமல் யார் வருவார்கள்? ரேக்கின்மேல் அவள் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதை இடுக்கியால் எடுத்து வெளியே எறி. ரேக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. நாலு காலையும் நாலு கிண்ணத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்று, ஒரு சொட்டு சோப்பு விடு. அது முடியாவிட்டால் கால்களில் ஏதாவது கொழுப்பைத் தடிமனாகத் தடவிவிடு. எறும்பு வழுக்கிக்கொண்டு மேலே ஏறாது. விரிசலை அடை. இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம், கொஞ்சம் அக்கறை இருந்தால் போதும்.

அவள் பருப்பு அளவு இருந்தபோது ஒரு மாத்திரை டப்பாவில் வைத்து வளர்த்தவள் நான். முகாமில் பிராணிகளுக்கு அனுமதி இருந்திருந்தால் உன்னிடம் விட்டுவிட்டு வந்திருக்க மாட்டேன்.

பெரியவள்


ஜூன் 13

அக்காவுக்கு,

என்ன அதிகாரம்! படித்துவிட்டு உன் முகாமிலிருந்து எனக்குச் சம்பளம் ஏதும் வருகிறதா என்று பார்த்தேன். குழாய் பற்றவைத்த இடத்தில் ஓட்டை தேடுவது உன் உத்தியோகம். அதை அங்கேயே செய். என்னிடம் ஓட்டை தேடாதே.

மருந்துக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை. கேக் அறையில் மருந்து வாசம் அடித்தால் எனக்குத்தான் பிழைப்புப் போகும் என்று பிறகுதான் உறைத்தது.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். ரேக்கைத் தள்ளினேன். விரிசலில் சிமென்ட் வைத்துப் பூசினேன், கை விரலெல்லாம் வெடித்தது. கிண்ணம் வைத்தேன், தண்ணீர் ஊற்றினேன். ஆனால் என்னிடம் இருக்கும் நல்ல கிண்ணங்களே அந்த நாலுதான். மூன்றடுக்குக் கல்யாணக் கேக் ஒன்றுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ஊரிலேயே பெரிய மண்டபம். அதன் மேலாளருக்கு இந்த ஒரு கேக் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க எனக்குத்தான் ஆர்டர். முட்டை அடிக்கக் கிண்ணம் இல்லாமல் நான் என்ன, உள்ளங்கையிலா அடிப்பேன்? அதனால் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு, நீ சொன்ன இரண்டாவது வழிப்படி கால்களில் கொழுப்பைத் தடிமனாகத் தடவிவிட்டேன். பார்க்க வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறது. திருப்தியா?

அக்கறையைப் பற்றி நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். உன் மாவுப்புழுக்கள் வெறும் உமியைத் தின்றுகொண்டு கிடந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. கேக்கைச் சமமாக்க ஓரங்களைச் செதுக்குவோமே, அந்தச் செதுக்கலை எல்லாம் அவற்றுக்குத்தான் போடுகிறேன். வெண்ணெய், முட்டை, பால், எல்லாம் முதல் தரம். ஒவ்வொன்றும் என்ன பூரிப்பு! இதை நீ செய்திருப்பாயா?

ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தில் பட்டு எப்படி இருக்கிறாள், பட்டுவுக்கு என்ன வேண்டும், பட்டு எப்படிச் சாவாள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இந்த வீட்டில் இரண்டு கால் உள்ள ஜீவன் ஒன்றும் இருக்கிறது. அது சாப்பிட்டதா, தூங்கியதா, தனியாக எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்க உனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. நான் எட்டுக் காலோடு பிறந்திருக்க வேண்டும்.

சொல்லாமல் கொள்ளாமல், சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு விடிகாலையில் போனவள் நீ. நான் எழுந்து வந்து உன் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். அது தெரியுமா உனக்கு?

சின்னவள்


ஜூன் 20

சின்னவளுக்கு,

கேக்கா?

புழுவுக்கு வெண்ணெய்க் கேக் போடுகிறாயா? திறந்த டப்பாவில், ரேக்கின்மேல், அவள் பெட்டிக்குப் பக்கத்தில்? எறும்பு என்னால்தான் வந்தது என்று முதல் கடிதத்தில் என்னை ஏசியிருக்கிறாய். அடிப் பைத்தியமே, எறும்புக்கு விருந்து வைத்தவள் நீ! உமி உலர்ந்தது, அதில் எறும்புக்கு ஒன்றுமில்லை, அதனால்தான் உமி போட்டேன். இத்தனை வருஷத்தில் நான் இருந்தவரை அந்த அறையில் ஒரு எறும்பாவது பார்த்திருக்கிறாயா? உடனே டப்பாவைக் காலி செய். புழு மொத்தமும் போனாலும் பரவாயில்லை, தெருவில் கொட்டு. உன்னை நம்பி ஒரு தொட்டிச் செடியைக்கூட விட்டுவர முடியாது.

கிண்ணத்தை எடுத்தது தப்பு. ஒரு கேக்குக்காக எடுத்தது இன்னும் தப்பு. கடையில் நாலு பிளாஸ்டிக் கிண்ணம் கிடைக்காதா? கொழுப்பாவது தடவினாயே, அதுவரை சரி.

நான் சொல்லாமல் போனேன் என்கிறாய். சரி, பேசுவோம். போன வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கையில் பெட்டியோடு என் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே கேக் சுடுகிற ஒரு பெரிய ஓவன் நிற்கிறது. என் கட்டில் நடைபாதையில் செங்குத்தாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது, மெத்தை சுருட்டி அதன்மேல். நீ வெளியே வந்து, ‘வெளிச்சம் இந்த ரூம்லதான்க்கா நல்லா வருது’ என்றாய். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முன்னால் கேட்டிருந்தால் நானே தூக்கிப் போட்டுக் கொடுத்திருப்பேன். அப்பா நம் இருவருக்கும் சேர்த்து விட்டுப்போன வீடு அது. அடுத்த வேலைக்குக் கிளம்பும்வரை நான் இரண்டு மாதமும் பின்னறையில், சாமான்களுக்கு நடுவில், பட்டுவோடு படுத்தேன். அவள் மட்டும்தான் என்னை இடம் மாறச் சொல்லவில்லை. நான் வீட்டை விட்டுப் போகவில்லை, சின்னவளே. என் கட்டில் முதலில் போயிற்று, பின்னால்தான் நான் போனேன்.

இந்த வாரம் முகாமிலிருந்து தள்ளி, குழாய் வரிசையின் கடைசி முனையில் வேலை. அங்கே எந்தச் செய்தியும் வராது. அவள் மல்லாந்து படுத்தால் பெட்டியைத் தொடாதே, நகர்த்தாதே, மூச்சுக்கூட விடாதே. எறும்பு வராமல் மட்டும் பார்த்துக்கொள். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான், இதற்குமேல் எதையும் கேட்கப்போவதில்லை.

பெரியவள்


ஜூன் 23

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது, எல்லாம் முடிந்த பிறகு. எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. மேஜைக் கால் ஒன்று ஆடுகிறது.

சனிக்கிழமை கல்யாணம். காலையில் கேக்குகளை அடுக்கி, கிரீம் பூசி முடித்திருந்தேன். பூ வைப்பது மட்டும் பாக்கி. சர்க்கரைப் பூக்களைக் குழாயால் பிழிந்து பிழிந்து மூன்று அடுக்கிலும் இறக்க வேண்டும், அதுதான் அந்தக் கேக்கின் அழகே. மதியம் மண்டபத்து வண்டி வரும். பூவுக்குப் பொடி தூவுகிற சின்னத் தூரிகை பின்னறை அலமாரியில் இருந்தது, எடுக்கப் போனேன்.

அது மல்லாந்து படுத்திருந்தது. நீ சொன்ன மாதிரியே. பழைய தோல் முக்கால்வாசி கழன்று ஒரு பக்கம் கிடந்தது, புதுக் கால்கள் ஈரமாக, ஏறக்குறைய வெள்ளையாக. எனக்கு ஒரு நிமிஷம் கோபமெல்லாம் மறந்துவிட்டது. நன்றாகத்தான் இருந்தது பார்க்க. அப்புறம் ரேக்கின் காலைப் பார்த்தேன்.

சிவப்பாக இருந்தது. நான் வெள்ளையாகத் தடவிய கால் சிவப்பாக, அசைந்துகொண்டிருந்தது. ஏறுகிற எறும்பு ஒரு வரிசை, இறங்குகிற எறும்பு ஒரு வரிசை. இறங்குகிறவை ஒவ்வொன்றும் வாயில் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு போகின்றன. நான் தடவியது வனஸ்பதி, அக்கா. கேக்குக்குப் போடுகிற வனஸ்பதி. ‘ஏதாவது கொழுப்பு’ என்று எழுதியிருந்தாய். என் வீட்டில் கொழுப்பு என்றால் அதுதான், டின் டின்னாக இருக்கிறது. நீ சொன்ன கொழுப்பு எது என்று எனக்கு எப்படித் தெரியும்? எறும்பு வழுக்கும் என்றாய். எறும்பு ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே மாடி ஏறியிருக்கிறது. அங்கிருந்து புழு டப்பா, அங்கிருந்து கேக் செதுக்கல், அங்கிருந்து பெட்டியின் காற்றோட்டத் துளைகள்.

உள்ளே போயிருந்தன. நிறைய இல்லை, ஆனால் போயிருந்தன. இரண்டு எறும்பு அதன் பின்னங்கால் மூட்டில் பல்லை வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அது காலை மெல்ல மடக்கியது. அவ்வளவுதான் அதனால் முடிந்தது. ஒரு சத்தம் இல்லை. கத்தவாவது தெரிந்திருக்கக் கூடாதா அந்தச் சனியனுக்கு!

உன் முகாம் ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரு குமாஸ்தா எடுத்தார்.

‘இன்ஸ்பெக்டரம்மா குழாய் லைன்ல ரொம்ப தூரத்துல இருக்காங்க. என்ன விஷயம், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?’

‘சட்டை உரிச்சிட்டு இருக்காங்க, எறும்பு கடிக்குது, என்ன பண்றதுன்னு கேக்கணும்.’

‘யாருங்க?’

‘சிலந்தி.’

வைத்துவிட்டார்.

அதன் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. ரேக்கின் கால்களைச் சோப்புத் துணியால் வழித்தேன். முட்டை அடித்த கிண்ணங்களைக் கழுவக்கூட நேரமில்லை, அப்படியே தண்ணீர் ஊற்றி அடியில் தள்ளினேன். ரேக்கைத் தூக்கி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினேன், பெட்டி ஒரு மயிரளவும் அசையக் கூடாது என்று. புழு டப்பாவைத் தெருவில் கொட்டினேன். அப்புறம் பெட்டியின் சின்ன மூடியைத் திறந்து, தூரிகையை நனைத்து, ஒவ்வொரு எறும்பாக எடுத்தேன். கேக்கில் கிரீம் முத்து வைக்கிற கை இது, நடுங்காது. உடம்பில் இருந்ததை எல்லாம் எடுத்தேன். அந்தப் பின்னங்காலில் இருந்த இரண்டும் விடவே இல்லை. கடைசியில் அவளே அந்தக் காலைக் கழற்றிப் போட்டுவிட்டாள். கழற்றினாள், அக்கா, நாம் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. நான் உட்கார்ந்து அழுதேன், மூடியை மூடிவிட்டுத்தான் அழுதேன்.

மண்டபத்து வண்டி வந்து ஹாரன் அடித்தது. பூ இல்லாமல் மொட்டையாக அனுப்பினேன். மேலாளர் போனில், ‘இது என்னங்க, கல்யாணக் கேக்கா, காரை பூசின சுவரா?’ என்றார். இனிமேல் அந்தப் பக்கமே வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அவள் இப்போது திரும்பிப் படுத்திருக்கிறாள். ஏழு கால். உயிரோடு இருக்கிறாள். இதைத்தானே கேட்டாய், செய்துவிட்டேன். உனக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. உன் கட்டிலை நான் நகர்த்தினேன், என் மண்டபத்தை உன் சிலந்தி தின்றது. இனி நீ வந்து உன் பொருளை எடுத்துக்கொண்டு போ. எனக்கு அலுத்துவிட்டது.

சின்னவள்


ஜூன் 30

சின்னவளுக்கு,

கையை என்ன செய்தாய்?

மேஜை ஆடினால் வரி ஆடும். எழுத்து சாயும் பக்கம் மாறாது. உன் எழுத்து சின்ன வயதிலிருந்து வலப்பக்கம் சாயும். இந்தக் கடிதம் முழுக்க இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. இடது கையால் எழுதியிருக்கிறாய். என்னிடமே மறைக்கிறாயா? வெளிப்பார்வைக்கு மழமழவென்று இருக்கும் இரும்புக்குள் எங்கே வெடிப்பு என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பூ வைக்க நேரமில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன் என்று எழுதாமல் விட்டாய். உனக்கா நேரமில்லை? பேசிக்கொண்டே, பார்க்காமல் பூப் பிழிகிறவள் நீ. வலது கையால் குழாயைப் பிடிக்க முடியவில்லை, அதனால்தான் மொட்டையாக அனுப்பினாய். அந்த மூடி உன் மணிக்கட்டு நுழைகிற அளவுதான் இருக்கும். அதற்குள் கையை விட்டால் எறும்பு எங்கே ஏறும்? உன்மேல்தான் ஏறும். நீ கையை உதறியிருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா? கடிக்கக் கடிக்க அப்படியே வைத்துக்கொண்டு வேலை பார்த்திருப்பாய். எத்தனை நேரம் வைத்திருந்தாய்? வீங்கியிருக்கிறதா? மோதிரத்தைக் கழற்றினாயா? காய்ச்சல் அடித்ததா? டாக்டரிடம் போனாயா, இல்லை, வழக்கம்போல மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு வீறாப்பாக உட்கார்ந்திருக்கிறாயா?

எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் போலிருக்கிறது. காலால் மிதித்து எறும்பைக் கொல்வது மாதிரி எல்லாரையும் ஒரு கடிதத்தில் வைத்துத் திட்டத் தெரிகிற உனக்கு, ‘எனக்கு வலிக்கிறது’ என்று ஒரு வரி எழுத வரவில்லை. நான் கேட்கவில்லை என்று எழுதினாயே, கேட்காவிட்டால் சொல்ல மாட்டாயா? தொழிலே கையை வைத்துத்தான் நடக்கிறது உனக்கு! அதைக் கொண்டுபோய் யாராவது அந்தப் பொந்துக்குள் நீட்டுவார்களா? என்ன பெண் நீ!

பெட்ரோலியம் ஜெல்லி என்று எழுதியிருக்க வேண்டும். ‘ஏதாவது கொழுப்பு’ என்று எந்த வெல்டருக்காவது நான் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் எழுதினேன்.

மண்டபத்துக்காரர் பெயரையும் எண்ணையும் எழுது. நான் அவரிடம் பேச வேண்டும். ‘காரை பூசின சுவர்’ என்றா சொன்னார்? சொல்லிக்கொள்ளட்டும். என் தங்கையின் கை ஆறட்டும், பிறகு பார்க்கலாம்.

லீவு கேட்டேன். இல்லை என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன், வேலை வேண்டாம் என்று. அப்புறம் அவர்களே லீவு கொடுத்தார்கள். பதினைந்தாம் தேதி லாரியில் வருகிறேன். அதுவரை கனமான எதையும் தூக்காதே. ஓவன் கதவை இடது கையால் திற.

பெரியவள்


ஜூலை 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று திருப்பியும் பார்த்தேன். பட்டுவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை!

என்ன மனுஷி நீ? ஒரு கால் போய்ப் படுத்துக்கிடக்கிற ஜீவன். பருப்பு அளவிலிருந்து வளர்த்தேன் என்று பெருமை பீற்றிக்கொண்டாயே, இப்போது எழுந்தாளா, தண்ணீர் குடித்தாளா, அந்தக் கால் இருந்த இடம் ஆறியதா என்று கேட்க உனக்கு வாய் வரவில்லையா? கை கை என்று ஒப்பாரி வைத்திருக்கிறாய். என் கைக்கு என்ன, ஊசி போட்டார்கள், வீக்கம் வடிந்துவிட்டது, இதோ வலது கையால்தான் எழுதுகிறேன், சாய்வைப் பார்த்துக்கொள். மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். போகட்டும்.

அவள் எவ்வளவு பயந்திருந்தாள் தெரியுமா? ஒரு வாரம் மூலையை விட்டு வரவில்லை. நான் கதவைக்கூடச் சாத்தாமல், சத்தம் கேட்கக் கூடாது என்று மிக்ஸரை வாசலில் வைத்து ஓட்டினேன். தினமும் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றினேன். பல் கறுக்கட்டும், கறுக்கட்டும் என்று டார்ச் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்றுக் கறுத்துவிட்டது. ஒரு புழுவை இடுக்கியில் பிடித்து நீட்டினேன். புதிதாக வாங்கி வந்தது, உமி தின்ற புழுதான், திட்டாதே. வெடுக்கென்று பிடுங்கினாள் பார், எனக்குக் கை தூக்கிப்போட்டது. ஏழு காலில் என்ன நடை! கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறாள், ஆனால் திமிர் குறையவில்லை. அடுத்த சட்டைக்கு அந்தக் கால் முளைத்துவிடும் என்று படித்தேன். முளைக்கும்தானே? இதை நீ சொல்லியிருக்க வேண்டும். நான் ராத்தூக்கம் இல்லாமல் கவலைப்பட்டேன்.

போன கடிதத்தில் உன் பொருளை எடுத்துக்கொண்டு போ என்று எழுதினேன். அதைக் கோபத்தில் எழுதினேன். எங்கே கொண்டுபோவாய் அவளை, முகாமுக்கா? இப்போதுதான் தேறியிருக்கிறாள், அலைக்கழிக்க நான் விட மாட்டேன். நீ எடுக்க வந்தால் வாசலிலேயே சண்டை நடக்கும், அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்பார்கள். சும்மா வருவதானால் வா.

மண்டபத்துக்காரரிடம் நீ பேச வேண்டாம். நீ பேசினால் மிச்சமிருக்கிற மண்டபங்களும் போய்விடும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குச் சின்னக் கேக்குகள் கேட்டிருக்கிறார்கள், அது போதும் இப்போதைக்கு.

ஓவனைக் கூடத்துக்கு மாற்ற ஆட்கள் வருகிறார்கள். எனக்கு வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் தோன்றத்தான் செய்கிறது, ஆனால் மாற்றுகிறேன். உன் கட்டிலை உள்ளே போட்டுவிட்டேன். தனியாகத் தூக்கினேன், ஆமாம், கனமானதுதான், திட்டிக்கொள். நீ பாட்டுக்கு வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாய் பேசாமல் நிற்காதே. உன் மௌனம்தான் எனக்குப் பிடிக்காது, சத்தம் போட்டாவது தொலை.

லாரியில் முன்சீட்டு கேட்டு உட்கார். பின்னால் உட்கார்ந்தால் உனக்குக் குமட்டும். வந்ததும் நேரே அவளிடம் போ. என் கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

சின்னவள்